உள்ளே ஆள்

பூமியை வெளியே நின்று ஒருமுறை முழுதாகப் பார்த்தவன், அதன்பின் அற்பங்களின் உலகத்துக்குத் திரும்புவதில்லை. பொய், பயம், வெட்கம் மூன்றும் அவனைவிட்டுக் கழன்றுவிடுகின்றன.

எங்கள் விண்வெளி நிறுவனத்தின் வரவேற்புக் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், இதைப் பளிங்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் பூமியை ஆயிரத்துத் தொள்ளாயிரம் முறைக்கு மேல் சுற்றியவன். என்னை மேலே அனுப்பியது கழிப்பறை ரிப்பேர் பார்க்க.

நிலையம் பழையது. ஆறு வருடமாக ஆளில்லாமல், விளக்கில்லாமல், தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியாக அங்கே இருந்த இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டதால், அவருக்கு மரியாதையாக மூடி வைத்திருக்கிறோம் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. உண்மையில் கழிப்பறை பழுதாகியிருந்தது. இரண்டும் ஒரே நாளில் நடந்தவை என்பதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான்.

இறந்தவர் என் அத்தான், அக்காவின் கணவர். அன்று அவரோடு இருந்த மற்றவர்தான் இப்போது எங்களுக்குக் கமாண்டர்.

அத்தானின் கடைசிப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்வை மாடத்தின் வட்ட ஜன்னல், வெளியே நீலமாகப் பூமி, ஜன்னலோரம் கேமராவைக் கண்ணில் வைத்தபடி பக்கவாட்டில் தெரியும் ஒரு மனிதர். ‘கடைசிப் பார்வை’ என்று அதற்குப் பெயர். பூமியைப் படமெடுத்துக்கொண்டே உயிர் நீத்த வீரரை, அந்த நிலை கலையாமல், கண்ணீரோடு கமாண்டர் எடுத்த படம். தபால் தலையாக வந்தது. பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்குகிறது. ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையிலும் பார்த்திருக்கிறேன்.

அக்கா வீட்டுக் கூடத்திலும் ஒன்று இருக்கிறது, நிறுவனம் கொடுத்த கனத்த சட்டத்தில். நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவள் என்னை அதன் எதிரே நிறுத்தினாள்.

“டேய், நல்லா பாரு. கேமரா முன்னாடி என்ன இருக்கு?”

“லென்ஸ்.”

“லென்ஸ் மேல?”

மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனேன். கறுப்பாக, வட்டமாக, லென்ஸ் மூடி.

“மூடியக் கழட்டாம படம் எடுக்கிற ஆளாடா அவரு? எங்க கல்யாணத்துல போட்டோகிராஃபரையே வெளிச்சத்துக்குக் குறுக்க நிக்காதய்யான்னு தள்ளி விட்ட மனுஷன்.”

அக்கா மேடை விளக்குகள் வாடகைக்கு விடுகிறவள். அத்தான் மேலே இருந்தபோது, நிலையம் எங்கள் ஊரை இருட்டில் கடக்கிற நேரம் பார்த்து, நான்கு பெரிய விளக்குகளை மொட்டை மாடியில் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து மூன்று முறை எரித்து அணைப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் வரை போனார். அத்தான் அந்த வெளிச்சத்தைப் படமெடுத்துவிடப் பல வாரம் முயன்றுகொண்டிருந்தார்.

“கடைசியா பேசினப்ப என்ன சொன்னாரு தெரியுமா? ‘உன் விளக்கு தெரிஞ்சுது. எடுத்துட்டேன். கார்டு சட்டைப் பாக்கெட்ல இருக்கு’ன்னாரு. சட்டை வந்துது, பாக்கெட் காலி. கேமரா வந்துது, உள்ள கார்டு இல்ல.” “அந்தக் கார்டு எங்க? மனுஷன் எங்கடா செத்தாரு? இது ரெண்டு மட்டும் தெரிஞ்சுக்கிட்டு வா. வேற ஒண்ணும் வேணாம்.”

மூன்று பேர் போனோம். கமாண்டர், ஒரு பெண் டாக்டர், நான். கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை. காய்ந்த ரப்பர், சூடேறிய ஒயர், குளிர்ந்த இரும்பு. அதற்கடியில் மெல்லிசாக இன்னொன்று.

இருமல் மிட்டாய்.

அத்தான் வாயில் எந்நேரமும் கிடக்கும் அதே பச்சை மிட்டாயின் வாசனை. ஆறு வருடக் காற்று, எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் வேலை பலகைத் திறப்பு விழா. எடை அதிகம் என்று என் கருவிப் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பேனரை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஏற்றி அனுப்பிய பித்தளைப் பலகை அது. “இவ்விடத்தில், பூமியைத் தன் விழிகளால் காத்தபடி ஒரு மாவீரர் உறங்கினார்.” கமாண்டர் அதைப் பார்வை மாடத்தில் திருகி, நேரடி ஒளிபரப்பில் உரையாற்றினார். நானும் டாக்டரும் இரண்டு பக்கமும் உணர்ச்சியோடு மிதந்தோம்.

“மரணமே அவர் முன் மண்டியிட்டது” என்று கமாண்டர் சொல்லும்போது, பின்னால் கழிப்பறை விசிறி ஓட ஆரம்பித்தது.

உர்ர்ர்ர்ர்.

கழிப்பறைக் கதவின் மேலே ஆரஞ்சு நிறத்தில் ‘உள்ளே ஆள்’ என்று ஒரு விளக்கு உண்டு. உள்ளே உறிஞ்சும் விசிறி ஓடினால் மட்டும் எரியும். எடையில்லாத இடத்தில் அந்த விசிறி இல்லாமல் காரியம் நடக்காது. விவரம் வேண்டாம். அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் உதடு அசையாமல் கேட்டார். “யாருங்க உள்ள?”

“நாம மூணு பேருதானே டாக்டர்.”

“அதனாலதான் கேக்கறேன்.”

கமாண்டர் குரலை உயர்த்தி, விசிறியை அமுக்கிக்கொண்டு, மண்டியிட்ட மரணத்தை எழுந்திருக்க விடாமல் மூன்று நிமிடம் பேசி முடித்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக ஒட்டி நின்றது. மேலே வேர்வை வழியாது.

அன்றே மோட்டாரைக் கழற்றினேன். கம்பிச் சுருள் கருகி ஒரே கட்டியாக இருந்தது. அது ஓட வழியே இல்லை.

“காத்து அடைச்சிருக்கும் தம்பி” என்றார் கமாண்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

புது மோட்டார் போட்டேன். கழிப்பறை வேலை செய்தது. டாக்டர் கைதட்டி, “மெக்கானிக்குக்கு ஒரு பலகை வைக்கணும் சார்” என்றார். ஆனால் கமாண்டர் மட்டும் அந்தப் பக்கம் போகவே இல்லை. எங்களை ஏற்றிவந்த ஓடத்தில் அவசரத்துக்கென்று ஒரு பை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அங்கேதான் போனார். நான்கு மாதத்துக்குப் பை.

“உங்க வேலை மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை” என்றார் டாக்டர்.

பேய்க்கு இரவு தேவை என்பார்கள். அங்கே ஒரு நாளைக்குப் பதினாறு இரவு. ஒன்றரை மணி நேரத்துக்கொருமுறை இருட்டிவிடும். அந்த இருட்டுகளில் சிலவற்றில் மட்டும், யாரும் இல்லாதபோது, விசிறி ஓடியது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சில நிமிடம் கழித்து அணைந்தது. கதவைத் திறந்தால் யாரும் இல்லை. மிட்டாய் வாசனை மட்டும் அப்போதுதான் வாயில் போட்டதுபோலப் புதிதாக இருந்தது.

சுவரில் பென்சிலால் நேரத்தைக் குறித்து வைத்தேன். மூன்று வாரம் கழித்து அந்தக் குறிப்பை நிலையத்தின் பாதைப் பட்டியலோடு சேர்த்துப் பார்த்தேன்.

ஒவ்வொரு தடவையும் நாங்கள் என் அக்காவின் வீட்டுக்கு மேலே இருந்தோம்.

கமாண்டருக்கு அங்கே ஒரு பெரிய லட்சியம் இருந்தது. பூமியும் நிலவும் ஒரே படத்தில் விழ வேண்டும். திரும்பியதும் ‘இரண்டு உலகம், ஒரு பார்வை’ என்று கண்காட்சி, கனமான தாளில் ஒரு புத்தகம். முன்னுரையை ஏவுவதற்கு முன்பே எழுதிவிட்டார். படம்தான் பாக்கி.

ஜன்னல் வழியாகப் படமெடுக்கும்போது உள் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நம் முகமே படத்தில் விழும். அதற்காக ஜன்னலைச் சுற்றி ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் கட்டுவோம். எடுப்பவர் தலையும் கேமராவும் உள்ளே. மற்றதெல்லாம் வெளியே. கமாண்டர் உள்ளே போனார். டாக்டர் துணி விலகாமல் பிடித்தார். நான் கமாண்டரின் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

இருட்டுப் பகுதிக்குள் நுழைந்தோம். துணிக்குள்ளிருந்து க்ளிக் சத்தம். பன்னிரண்டு. பிறகு சத்தமே இல்லை. கால்கள் வெளியே வரப் பார்த்து என் கையை உதைத்தன.

வெளியே வந்தவர் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். டாக்டர் நாசூக்காகப் பிடுங்கினார்.

முதல் படம் அழகு. பூமியின் விளிம்பு நீல நூல்போல. அதன் மேல் நிலவு, தேய்ந்த நகம்போல. ஓரத்தில் மங்கலாக ஒரு கறை.

நான்காவதில் கறைக்குத் தோள் இருந்தது.

ஏழாவதில் முகம். கண்ணில் கேமரா. கமாண்டரின் தோளுக்குப் பின்னால் நின்று அத்தானும் நிலவை எடுத்துக்கொண்டிருந்தார்.

“பிம்பம்” என்றார் கமாண்டர். “கண்ணாடிப் பிம்பம்தான்.”

“பிம்பம் விழ உள்ள வெளிச்சம் வேணும் சார்” என்றார் டாக்டர். “அப்புறம், ஒரு ஆளும் வேணும்.”

பன்னிரண்டாவதில் அந்த முகம் நிலவைப் பார்க்கவில்லை. நேராக எங்களைப் பார்த்தது. ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. விரல்களுக்கிடையே கறுப்பாக, வட்டமாக ஏதோ ஒன்று.

“சார்” என்றேன். “அது லென்ஸ் மூடி.”

கமாண்டர் அழுதார். அங்கே கண்ணீரும் கீழே விழாது. கண்ணின் மேலேயே குமிழாகத் திரண்டு நிற்கும். அந்தக் குமிழ் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஜன்னல்கிட்ட இல்ல தம்பி.”

“பின்ன எங்க சார்?”

ஆரஞ்சு விளக்கு இருந்த திசையில் மோவாயை அசைத்தார்.

“ரொம்ப நேரம் வரல. கதவத் தட்டினேன். விசிறி ஓடி ஓடி மோட்டார் கருகுற நாத்தம். உள்ள... உக்காந்தபடியே. மாரடைப்பு. ஒரு வீரன் கக்கூஸ்ல செத்தான்னு எப்படி தம்பி அறிக்கை எழுதறது? ஸ்கூல் பிள்ளைங்கல்லாம் படிக்கிறது. நான்தான் பேன்ட்ட மாட்டி, ஜன்னல்கிட்ட இழுத்துட்டு வந்து, கையில கேமராவ வச்சுக் கட்டி...”

“மூடி?”

“மறந்துட்டேன்” என்றார். “நான் என்ன போட்டோகிராஃபரா?”

டாக்டர் துணியை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றுக் கலக்கல். நிலையத்தில் போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது. அந்த நேரம் பாதைப் பட்டியலைப் பார்க்கத் தோன்றவில்லை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கால்சட்டையை இறக்கி, தொடைப் பட்டைகளை மாட்டி உட்கார்ந்தேன். விசிறி ஓடியது. அந்த அறை ஒரு அலமாரி அளவுதான். முழங்கால் கதவில் இடிக்கும்.

விளக்கு மங்கியது.

மிட்டாய் வாசனை வந்தது. காற்றிலிருந்து வரவில்லை. மூச்சிலிருந்து. யாரோ என் தலைக்கு மேலே மூச்சு விட்டார்கள்.

“அத்தான்?” என்றேன். அந்த நிலையில் அதைவிட மரியாதையாக எதுவும் சொல்ல முடியவில்லை.

தொடைப் பட்டைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு, உச்சந்தலைக்கு நேர் மேலே, மிகக் கிட்டத்தில்,

க்ளிக்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. கடைசியில் அண்ணாந்து பார்த்தேன். மேலே காற்று இழுக்கும் கம்பி வலை. வலைக்குப் பின்னால் நாற்றம் உறிஞ்சும் கரி வடிகட்டி. கரிக்கும் வலைக்கும் இடையே, நீல நிறத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு ஓரம் தெரிந்தது.

மேலே வாழ்கிறவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. எது காணாமல் போனாலும் காற்று இழுக்கும் வலையில் தேடு. பேனா, திருகு, தோடு எல்லாம் மிதந்து மிதந்து கடைசியில் அங்கேதான் ஒட்டும். அத்தானின் கார்டையும் தேடத்தான் சொன்னது நிறுவனம். அறிக்கையில் இருந்தபடி பார்வை மாடத்தின் வலையில். இரண்டு முறை. தேடியவர் கமாண்டர். கழிப்பறை வலையைப் பார்த்தீர்களா என்று கீழே யாரும் கேட்கவில்லை. அங்கேதான் எதுவும் நடக்கவில்லையே. வடிகட்டிக்கு ஆயுள் பத்து வருடம் என்பதால் மெக்கானிக்கான எனக்கும் அதைத் திறக்கத் தோன்றவில்லை.

வலையின் ஓர இடுக்கு வழியாக உள்ளே நழுவியிருக்க வேண்டும். முத்திரையை உடைத்துத் திறந்தேன். கார்டு. கரித்தூள் படிந்து, குளிர்ந்து.

கணினியில் போட்டேன். முதல் சில படங்கள் அத்தான் உயிரோடு எடுத்தவை. கடைசி நாள், கடைசிப் படம்: கறுப்பு நிலம், எங்கள் ஊரின் மஞ்சள் தூசி, அதில் உறுத்துகிற மாதிரி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அக்கா.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த படத்தின் தேதி, இறுதிச் சடங்கு நடந்து ஒன்பது நாள் கழித்து.

அதற்கடுத்தது அதற்கு மறுநாள். பிறகு இரண்டு நாள் கழித்து. ஆறு வருடம். பூட்டிய நிலையத்தில், கேமராவே இல்லாத இடத்தில், ஊரைக் கடந்த ஒவ்வொரு இருட்டிலும் ஒரு படமாவது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். சிலவற்றின் ஓரத்தில் நிலவும் விழுந்திருந்தது. சட்டகம் ஒன்றுகூடக் கோணவில்லை.

கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த வெள்ளைப் புள்ளி.

அக்கா ஆறு வருடமாக விளக்கை எரித்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

குடும்பத்தோடு பேச வாரம் ஒரு அழைப்பு உண்டு. காத்திருந்து பேசினேன்.

“கிடைச்சுதுக்கா. கார்டு. எங்கன்னும் தெரிஞ்சுது.”

“எங்க?”

சொன்னேன். ஒரு விநாடித் தாமதம் மேலே போகிற பேச்சில் எப்போதும் உண்டு. இது அதைவிட நீண்டது.

“கக்கூஸ்லயா?”

“ஆமாக்கா.”

“அதானே பார்த்தேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “உள்ள போனா லேசுல வரமாட்டாரு. வீட்லயும் அப்படித்தான். தட்டித் தட்டி எனக்குக் கை வலிக்கும். இதை மறைக்கவாடா ஸ்டாம்ப் எல்லாம் அடிச்சாங்க?” சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது.

அவள் ஓயும்வரை காத்திருந்தேன். “அக்கா, மூணாவது வருஷம், ஒரு மூணு வாரம் உன் விளக்கு இல்ல.”

“டைஃபாய்டு. ஆஸ்பத்திரில கிடந்தேன். உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்த மூணு வாரமும் ஒவ்வொரு தடவையும் நாப்பது, அம்பது படம் எடுத்திருக்காரு. ஊர் முழுக்க. தெருத் தெருவா.”

அவள் மிக மெதுவாகச் சொன்னாள்.

“பலகைய சரியான இடத்துல மாட்டுடா.”

மாட்டினோம். ஆரஞ்சு விளக்குக்குக் கீழே, கழிப்பறைக் கதவில். திருகுகளைக் கமாண்டரே முடுக்கினார். முடுக்கிய பிறகு, நான்கு மாதத்தில் முதல் முறையாக, கதவை மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

கீழே வந்ததும் அவர் உண்மை அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். நிறுவனம் அதைப் படித்து, ரகசியம் என்று முத்திரையிட்டு, வரவேற்புக் கூடத்துப் பளிங்கைத் துடைக்கச் சொன்னது. இப்போது மேலே இருக்கும் புதிய குழு, விசிறி தானாக ஓடுவதாக வாரம் ஒரு புகார் அனுப்புகிறது. கார்டு அக்காவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவள் விளக்கு எரித்த மறுநாள் எண்ணிப் பார்த்தால், ஒன்று கூடியிருக்கிறதாம்.

அக்கா அந்தப் படங்களைக் காட்டி மனுக் கொடுத்ததால் ஒரு விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். ஊர்ப் படங்களின் தேதியை யாரும் மாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒரே ஒரு படத்தை மட்டும் அப்படி ஒதுக்க முடியாது. நான் கார்டைக் கண்டெடுக்கும் முன் அதில் விழுந்த கடைசிப் படம் அது. கார்டை அக்காவிடம் கொடுக்கும் முன், அப்படி ஒன்று உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டு, அதை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். முத்திரையிட்ட வடிகட்டிக்குள்ளிருந்து, கம்பி வலை வழியாக, செங்குத்தாகக் கீழ்நோக்கி எடுக்கப்பட்டது. தேதி, நேரம், ஆள் எல்லாம் தெளிவு. அத்தான் இன்னும் அங்கே இருக்கிறார் என்பதற்கும், அக்கா பைத்தியமில்லை என்பதற்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதைச் சமர்ப்பிக்கச் சொல்லி எனக்கு மூன்று கடிதம் வந்துவிட்டது. அக்காவும் தினம் நச்சரிக்கிறாள். நான் இன்னும் கொடுக்கவில்லை.

அந்தப் படத்தில் என் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.